சார் கண்ணாடி

பெரம்பலூரில் என்னைத் தெரிந்தவர்கள் என்று கணக்கெடுத்தால் ஆபீஸில் பதினோரு பேர், தெருவில் நாலு வீடு, ஒரு நாய். அவ்வளவுதான் தேறும். ஆனால் என் பெயரில் தொங்கிய ஒரு மூக்குக்கண்ணாடியை இந்த ஊர் லாரிக்காரர்கள், டிராக்டர்காரர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். "அக்கா, அந்த சார் கண்ணாடிய எடுங்க" என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அந்த சார் நான்தான். அந்தப் புகழை எனக்கு வாங்கிக்கொடுத்த அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. பெயர் போடவில்லை. போட்டால், "எதப் பாத்து எழுதுனீங்க?" என்று கேட்டுவிடுவார்.

துறையூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்கும் புரோட்டா கடைக்கும் நடுவில் அவருடைய ஆயில் கடை. ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரீஸ், பிரேக் ஆயில் எல்லாம் வரிசையாக இருக்கும். நடுவே ஒரு இரும்பு மேசை. மேசைக்குப் பின்னால் ஐம்பதைத் தாண்டிய அக்கா, தோளில் ஒரு துடைக்கிற துணியோடு. எண்ணெய்க் கடையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத ஒரே பொருள் அவர் கை.

கடையில் வியாபாரம் இப்படித்தான் நடக்கும்.

"அக்கா, ஆயில் ஒரு லிட்டர் குடுங்க."

"எதுக்கு?"

"வண்டிக்குத்தான்."

"வண்டிக்குத்தான்னு எனக்கும் தெரியும். தலைக்கா தேய்க்கப் போறீங்க? மூடியில என்ன போட்டிருக்கு?"

"மூடியில என்னக்கா போட்டிருக்கும்?"

"அது தெரியாமதான் கேக்கறேன். போயிப் பாத்துட்டு வாங்க."

அவ்வளவுதான். எண்ணெய் ஊற்றுகிற இடத்து மூடியிலோ, அதன் பக்கத்திலோ, என்ன எண்ணெய் என்று வண்டி செய்தவன் எழுதி வைத்திருப்பான். அதைப் படித்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மூடியையே கழற்றிக் கொண்டுவர வேண்டும். சொந்தத் தம்பி வந்தாலும் இதே கதைதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் இதைவிடப் பெரிய கடைகள் இரண்டு உண்டு. கேட்டதை எடுத்து நீட்டிவிடுவார்கள். அப்படியிருந்தும் அரியலூருக்கு சிமெண்டு ஏற்றப் போகிற லாரிக்காரர்கள் அக்கா கடையில் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பதற்கு ஒரே ஒரு காரணம்தான்.

"கடை வச்சு பதினாறு வருசம். இங்கேர்ந்து போன எண்ணெயால ஒரு வண்டி கெட்டதில்ல" என்பார் அக்கா. பெருமையாக எல்லாம் இல்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பதுபோலச் சொல்லுவார்.

ஒருமுறை ஆண்டிமடத்துக்காரர் ஒருவர், மகளைப் பார்க்கப் பெரம்பலூர் வந்த இடத்தில், டிராக்டருக்கு எண்ணெய் வாங்க நின்றார். டிராக்டர் ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு ஓரமாக நிற்கிறது. அக்கா அசையவில்லை. பாவம், அவர் வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டுக்கார அம்மா டிராக்டர்மேல் ஏறி, போனை ஸ்பீக்கரில் வைத்துப் படித்தார்.

"பதினஞ்சுன்னு போட்டிருக்குங்க. அதுக்குப் பக்கத்துல தலகீழா ரெண்டு மல. அப்பறம் நாப்பது."

"ரெண்டு மலையும் ஒட்டிக்கிட்டு இருக்கா, தனித்தனியா இருக்கா?" என்றார் அக்கா.

"ஒட்டிக்கிட்டு இருக்கு."

"சரி, எறங்குங்கம்மா. பாத்து எறங்குங்க." பதினைந்து டபிள்யூ நாற்பது கேனை எடுத்து மேசைமேல் வைத்தார். கணவரிடம் சொன்னார்: "படிக்கத் தெரியாதவங்களே ஏறிப் பாத்துச் சொல்லிட்டாங்க. நீங்க பேண்டு போட்டுக்கிட்டு சும்மா வந்து நிக்கறீங்க."

ஆறு ஆணியில் ஆறு புனல் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலரில் நூல். பச்சை நூல் புனலில் கியர் ஆயில் மட்டும்தான். யாராவது அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டால் அன்றைக்கு அந்தப் புனல் குளிக்காமல் ஆணிக்கு ஏறாது. பிரேக் ஆயிலுக்குப் புனலே கிடையாது. சீல் உடைக்காத சின்ன பாட்டில்தான். "தொறந்து வச்சா காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும். மிச்சத்த எடுத்து வச்சு அடுத்த வருசம் ஊத்தறேன்னு ஊத்திட்டு, எறக்கத்துல நிக்கலன்னு எங்கிட்ட வரப்படாது."

இந்தக் குணம் கடையோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அக்காவுக்கு. வடையை எடுத்தார், விரலால் தேய்த்தார், மூக்குக்கிட்டே கொண்டுபோனார், வைத்துவிட்டார்.

"என்னக்கா, ஊசிப்போச்சா?"

"வடை நல்ல வடைதான். ரெண்டு எண்ணெய் கலந்திருக்கு." பரிமாறுகிறவர் போய்ச் சமையல்காரரிடம் சொல்லி, அவர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, "பத்தலைன்னு கடைசியில கொஞ்சம் வேற சேத்தேங்க" என்று ஒப்புக்கொண்டார். நான் அதற்குள் மூன்று வடை முடித்திருந்தேன். எனக்கு எல்லா எண்ணெயும் ஒன்றுதான். என் கதையின் சாரமே அதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

டாக்டர் சர்க்கரை என்றார், நட என்றார். நடப்பது எனக்குக் கேவலமாகப் பட்டது. அரியலூர் சிமெண்டு ஆலை ஒன்றில் வேலை பார்த்த எஞ்சினியர் ஊர் மாற்றலாகிப் போகும்போது தன் சைக்கிளைத் தள்ளிவிடப் பார்த்தார். நான் குறுக்கே போய் விழுந்தேன். சாதாரண சைக்கிள் இல்லை. கியர் உண்டு, இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உண்டு. அதுவும் கம்பி இழுக்கிற பிரேக் இல்லை. பிடியை அமுக்கினால் குழாய்க்குள் இருக்கிற எண்ணெய் போய்த் தள்ளும். ஹெல்மெட் மாட்டி, இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு முதல்நாள் தெருவில் இறங்கியபோது, என்னைத் தெரிந்த அந்த ஒரே நாயும் குரைத்தது.

ஆறு மாதத்தில் பிரேக் பிடி பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது. குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. பழைய எண்ணெயைத் தள்ளிவிட்டுப் புது எண்ணெய் ஏற்ற வேண்டும் என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. எந்த எண்ணெய்? ஊரே யோசனை சொன்னது. ஆபீஸ் பியூன் தையல் மெஷின் எண்ணெய் என்றார். எதிர்வீட்டுக்காரர் குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்றார். என் மனைவி, "நல்லெண்ணெய ஊத்துங்க, சூடாவது கொறையும்" என்றாள். கீழப்பழுவூரில் இருக்கிற என் மச்சினன் மட்டும் எண்ணெயைப் பற்றியே பேசவில்லை. "மாமா, இன்னும் ஒரு மாசத்துல அந்தச் சைக்கிள் எங்க வூட்டு அவரக் கொடிக்குத் தாங்கலா நிக்கும்" என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிலேயே உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன் என்று நான் சவால் விட்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் தாண்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வழி முழுக்க சிமெண்டு லாரி. பிரேக் இல்லாமல் போக முடியாது.

அக்கா கடையில் போய் நின்றேன்.

"பிரேக் ஆயில் ஒரு பாட்டில், அக்கா."

"எதுக்கு?"

"சைக்கிளுக்கு."

புரோட்டா கடையில் மாவு அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சைக்கிளுக்கும் வந்துடுச்சா? மூடியில என்ன போட்டிருக்கு?"

"மூடி தனியா கழண்டு வராதுக்கா. ஹேண்டில்பாரோட இருக்கு."

"அப்ப போயிப் படிச்சுட்டு வாங்க. ரெண்டு வகை இருக்கு. பைக்குக்கு ஊத்துறது ஒண்ணு, மினரல் ஆயில் ஒண்ணு. அதுக்கு இத ஊத்துனாலும் கெட்டுது, இதுக்கு அத ஊத்துனாலும் கெட்டுது. உள்ள இருக்கற ரப்பர் உப்பிப்போயிடும்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பிடிக்கு மேலே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கிட்டே வைத்துப் பார்த்தேன். எறும்பு வரிசை. எட்ட வைத்துப் பார்த்தேன். தூரத்தில் போகிற எறும்பு வரிசை. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. படிக்கிற கண்ணாடி வாங்கச் சொல்லி மனைவி இரண்டு வருடமாகத் தொண்டை கிழியச் சொல்கிறாள். கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவேனாம். இறுக்கமான கால்சட்டை போட்டவனுக்கு இப்படி ஒரு பயம். போனில் படம் எடுத்துப் பெரிசாக்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இதெல்லாம் புத்தி உள்ளவன் செய்கிற காரியம். நான் என்ன செய்தேன்? உலகத்தில் எல்லா பைக்கும் ஒரே எண்ணெயில் நிற்கிறது, என் சைக்கிள் மட்டும் என்ன கொம்பு முளைத்ததா என்று முடிவு கட்டி, திரும்பிப் போனேன்.

"பைக்குக்கு ஊத்துறதுதான்கா."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். "ஆபீஸ்ல இருக்கறவரு. படிக்கறதுதான் உங்க வேல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத சிரிஞ்சு இரண்டு கேட்டேன். "யாருக்கு சார் ஒடம்பு சரியில்ல?" என்றார். சைக்கிளுக்கு என்றேன். இரண்டு நாளைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வையே வேறு. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கீழேயிருந்து எண்ணெயை ஏற்றினேன். மேலே குமிழ் குமிழாகக் காற்று வந்தது. பிடி கல் மாதிரி இறுகியது. சிந்திய இடத்தில் சைக்கிளின் பெயிண்டு உரிந்து, கம்பெனிப் பெயரில் பாதி கையோடு வந்துவிட்டது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்றியது பழகட்டும் என்று ஒரு வாரம் தெருவில் ஓட்டினேன். மச்சினனிடம் ஞாயிற்றுக்கிழமையை அடுத்த ஞாயிறாக மாற்றிக்கொண்டேன். கடைசி இரண்டு நாள் பிடி அமுக்கினால் மெதுவாகத்தான் திரும்பி வந்தது. சோம்பல் எனக்கும் உண்டு, அதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். அரியலூர் வருவதற்கு முன்னால் ஒரு இறக்கம். எதிரே ஒரு லாரி இன்னொரு லாரியை முந்தி என் பக்கத்துக்கு வந்தது. முன் பிரேக்கை அமுக்கினேன். பிடி ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது. பின் பிரேக்கை அமுக்கினேன். அதுவும் அப்படியே போய் அண்ணனோடு சேர்ந்துகொண்டது. அறுவடைக் காலமானால் ரோட்டோரம் மக்காச்சோளம் காயப்போட்டுக் குவித்து வைத்திருப்பார்கள். வேறு போக்கிடம் இல்லை. சைக்கிளும் நானும் குவியலுக்குள் போனோம். சைக்கிள் பாதியில் நின்றது. நான் அந்தப் பக்கம் வெளியே வந்தேன்.

சோளத்துக்காரம்மா துடைப்பத்தோடு வந்தார். "யோவ்! இம்மாம் பெரிய குவியலு கெடக்கு. கண்ணு தெரியல?"

என் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக யாரும் என்னைக் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், நாலு சோளம் விழுந்தது. அப்புறம் அந்தம்மாவே தண்ணீர் கொடுத்தார். நான் ஹெல்மெட்டால் அள்ளி அள்ளிக் குவியலைச் சரிசெய்தேன்.

போன் போட்டதும் மச்சினன் லோடு ஆட்டோவில் வந்து சேர்ந்தான். முழங்காலைப் பார்த்தான், பிடியைப் பார்த்தான், ஓரமாகக் கசிந்திருந்த எண்ணெயைப் பார்த்தான். கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்தக் கடையில மாமா எண்ணெய் வாங்குனீங்க? லாரிக்கு அடியில போயிருந்தா எங்கக்கா கதி என்ன? ஏறுங்க, போயிக் கேப்போம்."

"விடு மாப்ள, கீழ விழுறது சகஜந்தான்."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு எல்லாமே சகஜந்தான்."

ஞாயிறு மத்தியானம் வரை அக்கா கடை உண்டு. நாங்கள் போனபோது இரண்டு லாரிக்காரர்களும் ஒரு ஆட்டோக்காரரும் நின்றுகொண்டிருந்தார்கள். மச்சினன் சைக்கிளைத் தூக்கிக் கடைவாசலில் வைத்தான்.

"இந்தக் கடை எண்ணெய ஊத்திதான் எங்க மாமா சாகப் பாத்தாரு. என்னத்தம்மா விக்கறீங்க?"

அக்கா எழுந்து வந்தார். பிடிக்கு மேலே இருந்த சின்ன திருகாணியைத் திறக்கச் சொல்லி ஒரு சொட்டு விரலில் எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். தோள் துணியால் பிடியைத் துடைத்துவிட்டு, தன் கண்ணாடியை மாட்டிக் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மினரல் ஆயில் மட்டும்னு போட்டிருக்கு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

லாரிக்காரர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, அப்ப நீங்க மாத்திக் குடுத்துட்டீங்களா?"

"நான் குடுத்ததுதான்."

அவ்வளவுதான் சொன்னார். சார் படிச்சேன்னு சொன்னாரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரிக்காரர் கையிலிருந்த கேனைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். பதினாறு வருடத்தில் அந்தக் கடையில் யாரும் கேனைத் திருப்பிப் பார்த்ததில்லை.

"அக்கா மேல தப்பில்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "போயிப் படிச்சுட்டு வரச் சொன்னாங்க. படிக்காமயே படிச்சேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் மாமா?" என்றான் மச்சினன்.

"கண்ணு தெரியல."

புரோட்டா கடையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது டயர் கடைக்குப் போய், லாரிக்காரர்களிடம் வந்து, கடைசியில் மச்சினனைப் பிடித்தது. அவன் லோடு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்ப ஆபீஸ்ல எப்பிடி மாமா கையெழுத்துப் போடுறீங்க?"

"கிளார்க்கு வெரல் வெக்கிற எடத்துல போடுவேன்."

லாரிக்காரர் கேனை இடுக்கிக்கொண்டு, "வரேங்கா" என்று கிளம்பிவிட்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க படிக்காதது உங்க தப்பு சார். என்ன எழுத்து போட்டிருக்குன்னு கேக்காம நான் குடுத்தது என் தப்பு. அப்பிடி இதுக்கு முன்ன யாருக்கும் குடுத்ததில்ல. ஆபீஸ்ல இருக்கறவருன்னு நம்பிட்டேன்." பிறகு முழங்காலைக் காட்டி, "மொதல்ல அதக் கழுவுங்க" என்றார்.

சைக்கிளுக்கான மினரல் ஆயில் அவரிடம் இல்லை. அதே மாதிரி மெல்லிசாக வேறொன்று இருக்கிறதே, ஊற்றினால் என்ன என்று கேட்டேன். நான் திருந்துகிற ஜாதி இல்லை. "கிட்டத்தட்டன்னு ஒரு எண்ணெய் எங்கிட்ட கெடையாது" என்றார். திருச்சியில் சொல்லிவைத்து, சரியான பாட்டிலும் இரண்டு பிரேக்குக்கும் புது சாமானும் பஸ்ஸில் வரவழைத்தார். பழசிலிருந்து எடுத்த ரப்பர் வளையம் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. அதை ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டார். கேட்கிறவர்களிடம், "இது ஒரு சாரோடது" என்பார். அந்த அளவுக்கு எனக்கு மரியாதை.

அடுத்த வாரம் போனபோது ஏழாவதாக ஒரு ஆணி அடித்திருந்தது. அதில் நைலான் கயிற்றில் ஒரு மூக்குக்கண்ணாடி. பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் விற்கிறதுதான். ஊதா கலர் ஃபிரேம், பெண்பிள்ளைகள் போடுகிற மாதிரி.

"மாட்டுங்க" என்றார். மாட்டினேன். புது பாட்டிலை நீட்டினார். "படிங்க. சத்தமா."

இரண்டு டிராக்டர்காரர்கள் முன்னால், ஊதாக் கண்ணாடியோடு, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி படித்தேன்.

"இன்னொரு தடவ."

படித்தேன். ஒரு டிராக்டர்காரர் கண்ணாடியை வாங்கித் தானும் மாட்டிப் பார்த்தார். "அட, தெளிவா தெரியுதே! நானும் எழுத்து தேஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். அன்றிலிருந்து அது 'சார் கண்ணாடி'. அந்த மேசையில் அதை மாட்டிக்கொண்டு மூடி படித்தவர்களில் பாதிப் பேர் என்னைப்போலப் படித்தேன் என்று பொய் சொன்னவர்களாகத்தான் இருக்க வேண்டும். கீழப்பழுவூருக்கு நான் அடுத்த மாதம் சைக்கிளிலேயே போய்ச் சாப்பிட்டேன். மச்சினன் வீட்டு அவரைக்கொடிக்கு இன்னும் மூங்கில்தான்.

கடை இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதும், அக்கா ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்றைக்குக் கண்ணாடியை ஆணியிலிருந்து எடுத்து, துடைத்து, என்னிடம் கொடுத்தார். "உங்க பேர்ல இருக்கற பொருளு. நீங்களே வச்சுக்குங்க."

போன மாதம் ஒருநாள் காலையில் போன்.

"சார், நல்லாருக்கீங்களா? பேத்திக்கு சைக்கிள் வாங்கியிருக்காங்க. உங்களுது மாதிரியே பிரேக்கு. பஞ்சாட்டம் அமுங்குது. மருமவன் பைக்குக்கு வாங்குன எண்ணெய் வச்சிருக்காரு, ஊத்திடட்டுமா?"

"மூடியில என்ன போட்டிருக்கு?"

"பொடி எழுத்தா இருக்கு சார். கண்ணாடி கைக்கு ஆப்புடல."

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. "ஒரு சொட்டு ஊத்தப்படாது! படம் எடுத்து அனுப்புங்க. பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

படம் வந்தது. ஊதாக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். பெரிசாக்கி, எழுத்து எழுத்தாக, மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன். "காலங்காத்தால யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். அக்காவைக் கூப்பிட்டேன்.

"மினரல் ஆயில் மட்டும்னு போட்டிருக்குக்கா. பைக் எண்ணெய ஊத்தாதீங்க. கிட்டத்தட்டன்னு எதையும் ஊத்தாதீங்க."

"அதான் நானும் படிச்சேன்" என்றார் அக்கா.

"கண்ணாடி கெடைக்கலன்னீங்க?"

"கண்ணாடி மூக்கு மேலதான் இருக்கு. எண்ணெயும் நேத்தே வாங்கியாச்சு. நீங்க இன்னமும் படிச்சுட்டுத்தான் சொல்றீங்களான்னு பாத்தேன். சரி, வெக்கறேன் சார்."